மரபுச் சின்னம் பார்க்கும்போது சறுக்கும் இடங்கள்

லண்டனில் நினைவுப் பொருள் விற்கும் கடைகளில் ஸ்மித், டெய்லர், ஜோன்ஸ் என்று பெயர் வாரியாகக் கேடயம் அச்சடித்த சாவிக்கொத்துகள் தொங்கும், 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று எழுதியிருக்கும். நம்பி வாங்காதீர்கள். கேடயத்தில் வரையும் இந்த மரபுச் சின்னம் (கோட் ஆஃப் ஆர்ம்ஸ்) இங்கிலாந்தில் குடும்பப் பெயருக்கென்று கிடையவே கிடையாது. அது ஓர் ஆளுக்கு வழங்கப்படுவது, பிறகு பெரும்பாலும் அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும். அதே பெயர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் பாத்தியதை இல்லை. 1484-இல் மூன்றாம் ரிச்சர்டு பட்டயம் கொடுத்து அமைத்த காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்புதான் அங்கே இன்றைக்கும் சின்னம் வழங்குகிறது. சும்மா சம்பிரதாயம்தானே என்று நினைக்க வேண்டாம், மான்செஸ்டர் மாநகராட்சி தன் சின்னத்தை ஓர் அரங்க நிறுவனம் பயன்படுத்தியதற்காக 1954-இல் வழக்குப் போட்டு ஜெயித்தது, அதுவும் இருநூறு வருடத்துக்கு மேல் கூடாமல் கிடந்த ஒரு நீதிமன்றத்தைத் திரும்பக் கூட்டி!

அப்புறம், முழுச் சின்னத்தையும் 'கிரெஸ்ட்' என்று சொல்வது. கிரெஸ்ட் என்பது கேடயத்துக்கு மேலே, தலைக்கவசத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் உருவம் மட்டும்தான்.

எல்லாரும் விழும் பெரிய குழி எது என்றால் அர்த்த அட்டவணை. சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் விசுவாசம், சிங்கம் என்றால் துணிவு. நானும் ஒரு காலத்தில் அதை வைத்துத்தான் படித்தேன். பிற்காலத்தில் எழுதிச் சேர்த்த கதைகள் அவை, வண்ணத்துக்கென்று நிலையான பொருள் எதுவும் இல்லை. பல சின்னங்களுக்குப் பின்னால் இருப்பது தத்துவம் இல்லை, வெறும் சிலேடை. ஷேக்ஸ்பியர் குடும்பத்துக்கு 1596-இல் கிடைத்த கேடயத்தில் ஓர் ஈட்டி இருக்கிறது, ஏனென்றால் பெயரிலேயே 'ஸ்பியர்' (ஆங்கிலத்தில் ஈட்டி) இருக்கிறது. ஸ்பெயினின் பழைய அரசுகளில் காஸ்டீலுக்குக் கோட்டை, லியோனுக்குச் சிங்கம், ஜெர்மனியின் பெர்லினுக்குக் கரடி, எல்லாம் பெயரின் ஒலியை வைத்துத்தான். போஸ்-லயன் குடும்பத்தில் ('போ' என்றால் வில், 'லயன்' என்றால் சிங்கம்) வில்லும் சிங்கமும் சேர்ந்தே வரும். அதனால் முதலில் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

வண்ணத்துக்கு உண்மையிலேயே ஒரு விதி உண்டு, ஆனால் அது பொருள் பற்றியது இல்லை, கண்ணுக்குத் தெரிவது பற்றியது: பொன், வெள்ளி இரண்டும் உலோகம், மற்றவை நிறம், உலோகத்தின் மேல் உலோகமோ நிறத்தின் மேல் நிறமோ வைக்கக் கூடாது, தூரத்திலிருந்து பார்த்தால் கலங்கிவிடும். வெள்ளிமேல் பொன் சிலுவைகள் கொண்ட ஜெருசலேம் அரசின் சின்னம் பேர்போன விதிவிலக்கு, அதைக் காட்டி விதியே இல்லை என்று வாதாடாதீர்கள்.

இடமும் வலமும் மாறிப்போகும். கேடயத்தைப் பிடித்திருப்பவருக்கு எது வலமோ அதுதான் வலம், எதிரே நிற்கும் நமக்கு அது இடப்பக்கம்.

கடைசியாக, ஓவியத்தையே மூலம் என்று நினைப்பது. மூலம், சின்னத்தை வார்த்தைகளில் விவரிக்கும் வாசகம்தான். 'நீலத்தில் ஒரு பொன் சிங்கம்' என்று எழுதியிருந்தால் எந்த நீலம், பிடரி எப்படி இருக்கும் என்பதெல்லாம் ஓவியர் விருப்பம், எனவே இரண்டு படங்களில் சிங்கத்தின் முகம் வேறுபட்டால் போலி என்று முடிவு கட்டாதீர்கள். வால் ஒன்றுக்கு இரண்டாகப் பிளந்திருந்தால் மட்டும் வாசகத்தைத் தேடிப் பாருங்கள், அது வேறு ஒருவருடைய சிங்கமாக இருக்கலாம்.