உங்கள் தெருவை நீங்களே அளந்து நகரத் திட்டத்துக்கு அனுப்புவது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

நகரத் திட்டம் என்றதும் நினைவுக்கு வருவது கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிய ஒரு வரைபடம். மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை. அந்தப் படத்தில் உங்கள் தெரு வெறும் கோடு. நடைபாதை எங்கே உடைந்து கிடக்கிறது, எந்த முனையில் விளக்கு எரிவதில்லை, எந்த வீட்டுப் பாட்டி மழைக்காலம் முழுக்க வாசற்படி தாண்டுவதில்லை என்பதெல்லாம் படம் வரைகிறவருக்குத் தெரிய வழியில்லை. யாராவது எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்.

அப்படி எழுதிக் கொடுப்பது எப்படி என்பதை இந்தப் பதிவில் சொல்கிறேன். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. 5 மீட்டர் அளவு நாடா, நோட்டுப் புத்தகம், கைப்பேசி, கூட நடக்க நான்கைந்து பேர் இருந்தால் போதும். சென்னை வாசகர்களுக்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) இலக்கு ஆண்டு 2026. அடுத்தது 2027 முதல் 2046 வரைக்கானது. இன்று பிறக்கும் குழந்தை வேலைக்குப் போகும் வயதை எட்டும்வரை அந்தத் திட்டத்துக்குள்தான் நடமாடும்.

முதலில் அளந்து பார், பிறகு திட்டம் போடு என்பது நம் ஊருக்குப் புதிய பாடமும் அல்ல. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914இல் நகரத் திட்டக் கண்காட்சி ஒன்றோடு இந்தியாவுக்குக் கிளம்பினார். அவருடைய படங்களும் வரைபடங்களும் வந்த கப்பலை ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி, தமிழில் ஒரு சொல்லையே விட்டுப்போன அதே எம்டன்தான். நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் கண்காட்சி சென்னையில் நடந்தது. அதையொட்டி மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களின் சந்துகளில் கெடிஸ் கால்நடையாகச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்க்கோட்டில் சாலை போடும் யோசனை இருந்தது. மிகவும் பழுதான சில வீடுகளை மட்டும் எடுத்து, இருக்கும் சந்துகளையே சற்று அகலப்படுத்தி, நடுவே வெளி விட்டால் போதும் என்று அவர் காட்டினார். சந்துகளில் நடந்து பார்த்ததால்தான் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது.

படி 1: ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள்

வார்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, பஸ் நிறுத்தம் ஆகியவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். குடியிருப்பிலிருந்து அங்கே போகும் வழி அரை கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையென்றால் பஸ் நிறுத்தத்தை எடுங்கள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து நிறுத்தம்வரை நடக்க முடியாதவருக்கு அந்தச் சலுகை கைக்கு எட்டுவதில்லை.

படி 2: யாரோடு நடக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

முழு வேலையும் இந்தப் படியில்தான் நிற்கிறது. இதைச் சரியாகச் செய்தால் மற்ற படிகளில் சிறு பிழை வந்தாலும் பாதகமில்லை.

குறைந்தது நான்கு பேர் வேண்டும். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ போகிறவர், பார்வையற்றவர், கைக்குழந்தையோடு இருக்கும் தாய், எழுபது வயதைத் தாண்டியவர். அந்தத் தெருவிலேயே வேலை செய்கிறவர்களில் ஒருவரையும் கூப்பிடுங்கள். தூய்மைப் பணியாளர், பூக்காரம்மா, இஸ்திரி வண்டிக்காரர் என யாராகவும் இருக்கலாம். காலை ஐந்து மணிக்குத் தெரு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வாடகைக்கு ஒரு சக்கர நாற்காலி எடுத்து அதில் நீங்களே உட்கார்ந்து பார்க்கும் யோசனை வந்தால் கைவிடுங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தவருக்குப் பயம் மட்டும்தான் தெரியும். பத்து ஆண்டுகளாக அதில் போகிறவருக்கு எந்தப் பள்ளத்தைப் பின்பக்கமாக இறக்க வேண்டும், எந்தக் கடைக்காரர் கைகொடுப்பார், எந்த முனையில் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதுவரை தெரியும். நமக்கு வேண்டியது அந்த அறிவு. அவருடைய அரை நாள் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். ஆட்டோ கட்டணத்தையும் முடிந்தால் ஒரு நாள் கூலியையும் கொடுங்கள். அறிக்கையில் அவருடைய பங்கையும் அவருக்குச் சம்மதமான முறையில் எழுதுங்கள்.

அடுத்து, தெருவில் யாரைக் காணவில்லை என்று பாருங்கள். ஆஸ்திரியாவின் வியன்னாவில் 1990களில் பூங்காக்களை ஆராய்ந்தவர்கள், ஒன்பது வயதைத் தாண்டிய பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள் என்று கண்டார்கள். ஆண் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இருந்த ஒரே பந்து மைதானத்தை ஆண் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள, போட்டியிடாமல் பெண்கள் ஒதுங்கிப் போயிருந்தார்கள். எவா காய்ல் போன்ற திட்டமிடுநர்கள் இருந்த அந்த நகரம் சில பூங்காக்களைத் திருத்தி அமைத்தது. பெரிய வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், கூடுதலாகப் பாதைகள் போட்டார்கள், வேறு விளையாட்டுகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண் குழந்தைகள் திரும்பி வந்தார்கள். உங்கள் தெருவிலும் மாலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் நின்று, போகிறவர்களை ஆண், பெண், சிறுவர், முதியவர் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பூஜ்யம் விழும் கட்டத்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் விசாரிக்க வேண்டும்.

படி 3: அளவெடுங்கள்

நடக்கும்போது யாராவது நின்றாலோ, தடுமாறினாலோ, சாலையில் இறங்கினாலோ உடனே அந்த இடத்தில் நின்று அளவெடுங்கள். தடுமாறாத இடங்களை அளக்க நேரம் செலவிட வேண்டாம். படம் எடுக்கும்போது நாடா தெரியும்படி எடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் வேண்டுமே. சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரி வசதி வழிகாட்டி இதற்கு உதவும். அதன்படி, தடையில்லாமல் நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். தலைக்கு மேலே 2.2 மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். நடைபாதையின் விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. இந்த மூன்று எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

நடைபாதையின் மொத்த அகலத்தை அளப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. 2 மீட்டர் நடைபாதையின் நடுவில் டிரான்ஸ்பார்மர் நின்றால் அங்கே அகலம் 2 மீட்டர் அல்ல. டிரான்ஸ்பார்மருக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சும் 60 செ.மீ.தான் அந்த இடத்தின் உண்மையான அகலம். சக்கர நாற்காலி நிம்மதியாகப் போக 90 செ.மீ.யாவது வேண்டும். நாடாவைக் குறுகலான இடத்தில் வையுங்கள்.

சாய்தளத்துக்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம். 15 செ.மீ. உயர விளிம்பில் ஏற 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். எங்கள் தெருமுனையில் பல முறை கேட்டபின் ஒரு சாய்தளம் போட்டார்கள். எங்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நாடா வைத்துப் பார்த்தபோது நீளம் 50 செ.மீ. சக்கர நாற்காலியில் வரும் எங்கள் தோழி அதைப் பார்த்துவிட்டு வழக்கம்போலச் சாலையிலேயே போனார். அன்று எழுந்த கோபம்தான் இன்று இந்தப் பதிவை எழுத வைக்கிறது.

நடைபாதையில் மஞ்சள் ஓடுகள் பதித்திருந்தால் அவற்றையும் கவனியுங்கள். அவை அழகுக்குப் பதித்தவை அல்ல. ஜப்பானியரான செய்இச்சி மியாகே பார்வையற்றவர்களுக்காக உருவாக்கியவை. 1967 மார்ச்சில் ஒகயாமா நகரத்தில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தார்கள். காலிலும் கோலிலும் படும் நீளக் கோடுகள் 'இப்படியே போ' என்று சொல்லும். புள்ளிகள் 'நில், கவனி' என்று சொல்லும். கோட்டு ஓடுகள் நேராக ஒரு மரத்தடியிலோ விளக்குக் கம்பத்திலோ போய் முட்டினால் அது வெறும் குறை அல்ல, பொய்யான வழிகாட்டல். பார்வையற்ற நண்பரைக் கோலோடு அந்த ஓடுகளின் வழியே போகச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு கை தூரத்தில் கூடவே நடந்து, அவர் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாலையைக் கடக்கும் இடத்தில் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். சிக்னலில் நடப்பவருக்கான நேரத்தைக் கணக்கிடப் பொதுவாக வினாடிக்கு 1.2 மீட்டர் என்ற நடை வேகத்தை எடுத்துக்கொள்வார்கள். 12 மீட்டர் சாலைக்கு 10 வினாடி. முழங்கால் வலியோடு நடக்கும் பெரியவரின் வேகம் 0.8 மீட்டர் என்றால் அவருக்கு 15 வினாடி ஆகும். மிச்சமுள்ள 5 வினாடி அவர் வண்டிகளுக்கு நடுவில் நிற்கிறார். மூன்று முறை கடந்து பார்த்துச் சராசரியைக் குறியுங்கள்.

படி 4: இருட்டியபின் ஒருமுறை

அதே வழியில் இரவு எட்டு மணிக்குப் பெண்களோடு மட்டும் நடங்கள். இப்போது அளவு நாடா வேண்டாம். எந்த இடத்தில் நடை வேகம் கூடுகிறது, எங்கே கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். விளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் எரியாத விளக்குகளின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: கடைகளைப் பற்றி எழுதுமுன் அவர்களிடம் பேசுங்கள்

இப்படிப்பட்ட மனுக்களில் அதிகம் பார்த்திருக்கிறேன்: 'நடைபாதைக் கடைகளை உடனே அகற்ற வேண்டும்' என்ற ஒரே வரி. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். இரவில் தெருவில் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருப்பதற்கு அந்த இட்லிக் கடைதான் காரணமாக இருக்கும். நான்காம் படியில் உங்களோடு நடந்த பெண்களிடமே கேட்டுப் பாருங்கள். தெரு வியாபாரிகளுக்கென்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி, தெருக் கடைகளை ஒழுங்குபடுத்தும் ஊர் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். வண்டியை எத்தனை அடி தள்ளினால் 1.8 மீட்டர் கிடைக்கும், தள்ளினால் நிழல் கிடைக்குமா, வியாபாரம் நடக்குமா என்று கடைக்காரரோடு சேர்ந்தே அளந்து, அந்த ஏற்பாட்டை எழுதுங்கள்.

படி 6: மனுவை எழுதுங்கள்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 'எங்கள் பகுதியில் நடைபாதை மிக மோசமாக உள்ளது' என்ற வாக்கியத்தை வைத்து ஓர் உதவிப் பொறியாளர் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: 'பள்ளி வாசலிலிருந்து கிழக்கே 40 மீட்டரில், நடைபாதையில் உள்ள மின்பெட்டிக்கும் சுவருக்கும் இடையே 55 செ.மீ. மட்டுமே உள்ளது. சக்கர நாற்காலியும் குழந்தையோடு வருபவரும் சாலையில் இறங்க நேர்கிறது. மின்பெட்டியை எதிர்ப்பக்கம் மாற்றினால் 1.9 மீட்டர் கிடைக்கும். படம் 3.' இடம், அளவு, யாருக்குத் துன்பம், என்ன செய்யலாம், எந்தப் படம். இந்த ஐந்தும் ஒவ்வொரு குறையிலும் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்ற பெயரையும் ஓரிடத்தில் குறிப்பிடுங்கள். அப்போது நீங்கள் சலுகை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறீர்கள் என்பது படிப்பவருக்குப் புரியும்.

கையெழுத்திடுமுன் கூட நடந்த எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இதற்கு நேரமில்லை என்று தோன்றும். ஆனாலும் வாசியுங்கள். எங்கள் முதல் மனுவில் தூய்மைப் பணியாளர் சொன்ன கழிப்பறைக் கோரிக்கையை விட்டுவிட்டோம். தெருவிலேயே எட்டு மணி நேரம் இருக்கும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய நகரத் திட்டம் என்ன இருக்கிறது?

படி 7: உரிய இடத்தில் கொடுங்கள்

எரியாத விளக்கு, உடைந்த மூடி போன்றவற்றுக்கு உள்ளாட்சியின் புகார் எண் போதும். சென்னையில் அது 1913. நடைபாதை, சாய்தளம் ஆகியவற்றுக்கு வார்டு கவுன்சிலரிடமும் வார்டு அலுவலகத்திலும் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கே வாசித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பெரிய கோரிக்கைகளுக்கு இடம் வேறு. நிறுத்தமே இல்லாத குடியிருப்பு, நகருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட மக்களுக்கு அருகில் இல்லாத வேலை, பூங்காவே இல்லாத வார்டு போன்றவை முழுமைத் திட்டத்தில் தீர வேண்டியவை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி, வரைவுத் திட்டம் பற்றிய அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழ்களிலும் வர வேண்டும். அரசிதழில் வந்த நாளிலிருந்து குறைந்தது 2 மாதம், யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபணையும் ஆலோசனையும் கொடுக்கலாம். நேரில் சொல்லவும் வாய்ப்புக் கேட்கலாம். எனவே கடிதத்தின் கடைசி வரியில் 'நேரில் விளக்க வாய்ப்பு தர வேண்டும்' என்று எழுத மறக்காதீர்கள். சென்னைப் பெருநகரத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) அனுப்ப வேண்டும். மற்ற ஊர்களில் உள்ளூர் திட்டக் குழுமத்திலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ விசாரியுங்கள்.

பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, 'இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

படி 8: மறுபடி நடங்கள்

ஆறு மாதம் கழித்து அதே வழி, அதே நேரம், அதே ஆட்கள். பழைய நோட்டில் ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் புதிய அளவை எழுதுங்கள். எங்கள் 50 செ.மீ. சாய்தளத்தை இரண்டாவது மனுவுக்குப் பிறகு இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். இப்போது 175 செ.மீ. மேலே ஏறியதும் வழியை மறித்து நிற்கும் கம்பத்தைப் பற்றி மூன்றாவது மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து எங்கள் தோழியுடையது.