மூன்று சீசன்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள்

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்கில் மூன்று சீசன் ஓட்டினேன். பழைய மாருதி எஸ்டீம், 1300 சிசி. மேடை ஏறியது ஒரே முறை, மூன்றாம் இடத்துக்கு. அப்புறம் மகள் பிறந்தாள், வண்டியை விற்றுவிட்டேன். கைக்காசில் ஓட்டுகிறவர்கள் பலருக்கும் இவ்வளவுதான் காலம். எனவே கிளப் பந்தயத்துக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது: பத்து வருஷத்துக்குத் திட்டம் போடாதீர்கள், மூன்று சீசனுக்குப் போடுங்கள்.

எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு) லைசென்ஸும் மருத்துவச் சான்றும் இல்லாமல் கிரிட்டில், அதாவது பந்தயம் தொடங்கும் வரிசையில், நிற்க முடியாது. அதைச் சீசனுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பந்தயப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேருங்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஓட்டுவதற்கு முன் ஒருமுறை நடந்து பாருங்கள். காரில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் காலுக்குத் தெரியும். அப்பா அந்தக் காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவர். என்னோடு அவரும் முழுச் சுற்றும் நடந்தார்.

காசை எதில் போடுவது? இன்ஜினில் போடாதீர்கள். முதல் சீசனில் என் சேமிப்பில் பாதியை இன்ஜின் வேலை விழுங்கியது; பிராக்டிஸுக்கு டயர் வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் இன்ஜினைத் தொடவே இல்லை, டயரும் பெட்ரோலும் வாங்கினேன். அந்த வருஷம்தான் வேகம் வந்தது. டயரில் காற்று எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள். காலையில் 26 வைத்துப் போனால் ஆறு சுற்று முடிந்து வரும்போது என் வண்டியில் 32 காட்டும். சூடான பிறகு வரும் அந்த எண்தான் முக்கியம்.

இனி சீட். இதை யாரும் பெண்களுக்குச் சரியாகச் சொல்லித் தருவதில்லை. நான் ஐந்தடி ஒரு அங்குலம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "அக்கா, மோதினா தலையணை அமுங்கிடும், பெல்ட் லூஸாயிடும். சீட்டையே முன்னால கொண்டாந்து போல்ட் போட்டுத் தரேன்" என்றார். அப்படியே செய்தார். சரியா என்று பார்ப்பது சுலபம்: தோள் இரண்டும் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். இடுப்பு பெல்ட் வயிற்றின் மேல் ஏறக்கூடாது, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். முதலில் இடுப்பு பெல்ட்டை இறுக்கி, அதன் பிறகு தோள் பெல்ட்டை இழுங்கள்.

பைக் ஹெல்மெட் ஆகாது. கார் பந்தய ஹெல்மெட்டுக்கான எஸ்ஏ முத்திரை உள்ளது வேண்டும், அதற்குத் தீ தாங்கும் சோதனை உண்டு. ரேஸ் சூட்டுக்குள் நைலான் எதுவும் போடாதீர்கள், தீயின் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிவிடும். தீ தாங்கும் உள்ளாடைக்குச் செலவு செய்யுங்கள். கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக இறங்காது. தாழ்வாகப் பின்னி சூட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்தில் உலோகச் சங்கிலி இருக்கக்கூடாது என்பது விதி. தாலியும் அதில் அடக்கம். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் சர்வதேச விதிப்புத்தகத்தில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். "தீப்பிடிச்சா சூடாகுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பந்தயத்துக்கும் கூடவே வந்து, தாலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, நான் திரும்பி வரும்வரை வண்டிகளைக் கவனிக்கும் பிட் பக்கத்திலேயே நின்றார். வீட்டில் ஒளிக்காதீர்கள். கூட்டி வந்து காட்டுங்கள்.

ஓட்டும்போது: வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். முன்னால் போகிற வண்டியின் பம்பரைப் பார்க்காமல், அடுத்து போகவேண்டிய இடத்தைப் பாருங்கள். முதல் சுற்றில் டயர் குளிர்ந்திருக்கும், பிடிப்பு குறைவு. இரண்டாவது சீசனில் ஒரு பந்தயத்தின் முதல் சுற்றிலேயே இரண்டு இடம் முன்னேற ஆசைப்பட்டு, பிரேக்கைத் தாமதமாக அடித்துச் சுழன்றேன். அவசரம் என்னுடையது. வண்டி சுழல ஆரம்பித்து, மீட்க முடியாது என்று தெரிந்தால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுக்க மிதியுங்கள். இன்ஜின் அணையாது, வண்டியும் பின்னால் வருகிறவர்கள் எதிர்பார்க்கும் பாதையிலேயே போய் நிற்கும். நின்ற பிறகு தீ இல்லையென்றால் பெல்ட்டைக் கழற்றாதீர்கள், டிராக் ஓரம் கொடியோடு நிற்கும் மார்ஷல் கைகாட்டும்வரை உள்ளேயே இருங்கள். மஞ்சள் கொடி தெரிந்தால் முந்தக்கூடாது. நீலக் கொடி காட்டினால் வேகமான வண்டி பின்னால் வருகிறது என்று பொருள். பதறி ஒதுங்காமல் உங்கள் கோட்டிலேயே போங்கள், அவர் முந்திக்கொள்வார்.

விற்கும் நாள் வரும்போது வண்டியோடு அதன் பந்தயப் பதிவேடான லாக் புக்கையும் டயர் நோட்டையும் கொடுத்துவிடுங்கள். ஹெல்மெட்டை மட்டும் விற்காதீர்கள், அது வாங்கிய அடி வெளியே தெரியாது. என் எஸ்டீமை வாங்கியது ஒரு கல்லூரிப் பெண். நான் இப்போது கொடியோடு வளைவோரம் மார்ஷலாக நிற்கிறேன். போன பந்தயத்தில் என் பழைய வண்டி அந்த வளைவுக்குப் பிரேக் அடிக்கும் இடத்தைப் பார்த்தேன். நான் அடித்ததைவிட ஒரு வண்டி நீளம் வளைவுக்குக் கிட்டே போய் அடிக்கிறாள்.