கைபேசியும் பிள்ளையும்: தாவோ காட்டும் வழி

சட்டங்களும் கட்டளைகளும் பெருகப் பெருகக் கள்வரும் பெருகுவர் என்கிறது, 81 அதிகாரங்கள் கொண்ட தாவோ தே சிங் என்ற பண்டைய சீன மெய்யியல் நூலின் 57ஆம் அதிகாரம். ஆட்சியாளருக்கான இக்கருத்து கைபேசியைப் பூட்டிவைக்கும் பெற்றோருக்கும் பொருந்தும். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை முதலில் கற்பது கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கத்தான்.

ஆனால் இந்நூல் போற்றும் செயலின்மை, அதாவது வலிந்து தலையிடாமல் இருப்பது, பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுவதன்று. ஒன்று முளைவிடும் முன்பே அதைக் கவனி என்கிறது 64ஆம் அதிகாரம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வாட்ஸ்அப்பில் பாடங்கள் வந்தபோது இலங்கை மலையகத்தின் நம் தேயிலைத் தோட்டங்களிலும் பல பிள்ளைகளின் கைக்குப் போன கைபேசி, அங்கேயே தங்கிவிட்டது. கொழுந்தெடுக்கப் போன தாய் மாலையில் திரும்பும் வரை, பாட்டியை மட்டும் நம்பி அதைக் கண்காணிக்க முடியாது. எனவே ஓய்வான ஒரு மாலையில் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, யூடியூப்பில் அடுத்த காணொளி தானாக ஓடுவதை நிறுத்துங்கள்; விளையாட்டுச் செயலிகளின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்; தேவையற்ற நேரத்தில் டேட்டாவை நிறுத்தப் பழக்குங்கள். காணொளி முடிந்ததும் திரை சும்மா நிற்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான், எழுந்து போகலாமா என்ற எண்ணமே பிள்ளைக்கு வரும். என் கணிப்பில், நாள்தோறும் சொல்லும் கண்டிப்பைவிட இந்த மாற்றங்களே அதிகம் உதவும்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயக் காம்பராவில் பிள்ளைக்கெனத் தனி அறை இல்லாதது இவ்விடயத்தில் நமக்கு வசதியே. இரவில் எல்லோருடைய கைபேசியும், பெரியவர்களுடையதும் சேர்த்து, முன் காம்பராவிலேயே சார்ஜ் ஏறட்டும்.

ஆட்டத்தின் நடுவில் கைபேசியைப் பிடுங்காதீர்கள். "இந்த ஆட்டம் முடிஞ்சதும் வச்சிட்டு வா தம்பி, தேத்தண்ணி குடிப்போம்" என்று சொல்லிவிட்டு, முடியும் வரை உண்மையாகவே காத்திருங்கள். பெரிய நாட்டை ஆள்வது சிறு மீனைச் சமைப்பது போன்றது என்கிறது 60ஆம் அதிகாரம். அடிக்கடி புரட்டினால் மீன் உடைந்துவிடும். வகுத்த விதியை ஒரு பாடசாலைத் தவணை முழுதும் மாற்றாதீர்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் தாயோடு பேசும் நேரத்தை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம்.

அந்நியர் படம் கேட்டாலோ மிரட்டினாலோ காத்திருக்கக் கூடாது. எது நடந்தாலும் சொல், ஏச மாட்டோம், கைபேசியையும் பறிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே பிள்ளையிடம் வாக்குக் கொடுத்து வையுங்கள். அப்படி நேர்ந்தால் செய்திகளை அழிக்காமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை உடனே அழையுங்கள்.