சந்தைல வாங்குன கோழிய வீட்டுக் கோழியோட எப்ப, எப்படி சேக்கறது

கடலூர் பக்கம் நாட்டுக்கோழி வளக்குறவங்க எல்லாரும் பண்றது தான், சந்தைல நாலு சிறுவிடை, பண்ருட்டில சொந்தக்காரங்க குடுத்த சேவல், பாண்டில யாரோ வித்த வெள்ளை லெகார்ன் ரெண்டு, எல்லாத்தையும் அன்னிக்கு சாயங்காலமே ஒரே கூண்டுல அடைச்சிடுவோம். நானும் அடைச்சேன். ஆறு மாசத்துல நல்லா முட்டை விட்டுட்டு இருந்த பெட்டை ஒண்ணு கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கிட்டு செத்துச்சு, அறுத்துப் பாத்தா வயிறு பூரா ஈரல் தான்.

இப்படி ஈரல் வீங்குனா ஏஎல்விங்கற, கோழிக்கு புற்றுக்கட்டி வர வைக்கற வைரஸா இருக்கலாம். மாரெக்ங்கற இன்னொரு வைரஸ் நோய்லயும் ஈரல்ல கட்டி வரும், அதனால கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, குரும்பாபேட் வெட்னரி காலேஜ் மாதிரி இடத்துல போஸ்ட்மார்ட்டம் பண்ண முடியுமான்னு கேளுங்க. மாரெக்குக்கு தடுப்பூசி இருக்கு. நான் பயப்படுறது ஏஎல்விக்கு தான், அது தன் ஆர்என்ஏவ டிஎன்ஏவா மாத்தி கோழியோட ஜீன்ல சொருகற ரெட்ரோவைரஸ் வகை, அதுக்கு ஊசியும் இல்ல மருந்தும் இல்ல.

கலந்து விடறதுல என்ன வம்புன்னா, இந்த வைரஸ் ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஆர்என்ஏங்கற மரபுச் செய்தி ரெண்டு காப்பி இருக்கும். ஒரே கோழில ஒரே செல்லுக்குள்ள ரெண்டு வகை புகுந்துட்டா, அதுல இருந்து வர்ற வைரஸ்ல ஆளுக்கொரு காப்பி ஏறிடும், அது அடுத்த செல்லுல போய் டிஎன்ஏவா மாத்தி எழுதும்போது, ரெண்டு நோட்ட பக்கத்துல வச்சு காப்பி அடிக்கற பையன் மாதிரி இதுல பாதி அதுல பாதின்னு தாவித்தாவி எழுதும். புதுசா ஒண்ணு பொறந்துடும். இதுல கொடுமை, ஒரு நோட்டு கோழியோட சொந்த ஜீன்லயே இருக்கு, எப்பவோ பழைய காலத்துல புகுந்த வைரஸ் துண்டுங்க. 1980கள் கடைசில இங்கிலாந்துல கறிக்கோழில கண்டுபிடிச்ச ஏஎல்வி ஜெ வகைக்கு மேல் உறை ஜீன் அப்படித்தான் கோழிக்குள்ள இருந்த பழைய துண்டுல இருந்து வந்திருக்கு. அத நாம ஒண்ணும் பண்ண முடியாது, வெளில இருந்து வர்றத தான் தடுக்கலாம்.

புதுக்கோழிய ஒரு மாசம் தனியா வைங்க, ஆனா அது வெள்ளைக்கழிச்சலுக்கு தான் உதவும், ஏஎல்வி அதுல தெரியாது. முட்டைக்குள்ளயே தாய்கிட்ட இருந்து வாங்குன குஞ்சு எதிர்ப்பே காட்டாது, பாக்க நல்லா இருந்துக்கிட்டே ஆயுசுக்கும் பரப்பும். அதனால கவனம் முட்டைல தான். எந்த பெட்டை முட்டைன்னு பென்சில்ல குறிச்சு, இளைச்சு போன பெட்டையோட முட்டைய அடை வைக்காதீங்க. வேற வேற எடத்து முட்டைய ஒரே இன்குபேட்டர்ல ஒண்ணா பொரிக்க விடாதீங்க, சின்ன குஞ்சுங்களுக்கு தான் சட்டுனு தொத்தும், ஒரு மாசமாவது தனித்தனி பஞ்சாரம். ஊசி போடறப்போ கோழிக்கு ஒரு நீடில், இத மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கூண்டுக்கு சோப்புத்தண்ணியும் வெயிலும் போதும், வெளில ரொம்ப நேரம் தாங்காத வைரஸ் இது.

முட்டை வெள்ளைக்கருல பி27ன்னு ஒரு புரதம் தேடற டெஸ்ட் இருக்கு, ஆனா அந்த பழைய துண்டுங்களும் சில சமயம் அதே புரதத்த விடும், ஒரு பாசிட்டிவ பாத்து மொத்தத்தையும் அறுத்துடாதீங்க.

மனுசங்களுக்கு இதனால நோய் வந்ததா தெரியல. அதுக்காக செத்தத கொழம்பு வைக்காதீங்க, நாய் தோண்டாத ஆழத்துல குழி எடுத்து சுண்ணாம்பு போட்டு மூடுங்க.