உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள்: காட்டோரம் மாடு மேய்ப்பவர்களுக்கு

மாட்டு மடியில் உண்ணியைப் பார்த்ததும் பிடுங்கி நகத்தால் நசுக்கிப் போடுவது நம்மில் பலருக்குக் கைப்பழக்கம். தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். 2011இல் குஜராத்தில் ஆட்களைக் கொன்ற கிரிமியன்-காங்கோ காய்ச்சல், உண்ணி கடித்தால்தான் வரும் என்றில்லை, நசுங்கிய உண்ணியின் ரத்தம் கைப்புண்ணில் பட்டாலும் வரும். அதைச் சுமக்கும் ஆடுமாடு நோயே தெரியாமல் நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும்.

முதுமலை, வயநாடு பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதல் கவலை, உண்ணியாலேயே பரவும் குரங்குக் காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது தெரியவந்தது. வளர்ந்த உண்ணி மாட்டு ரத்தம் குடித்துப் பெருகுகிறது, ஆனால் மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் கசகசா அளவே உள்ள இளம் உண்ணி, அதனால் கடித்ததே தெரியாது.

டிசம்பர் முதல் மே வரை காட்டுக்குப் போனால் முழுக்கை, முழுக்கால் உடுப்பு போட்டு, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, திறந்த தோலில் பூச்சிவிரட்டி தடவிக்கொள்ளுங்கள். சருகுமேல் உட்கார வேண்டாம். வீடு வந்ததும் துணியை வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள்.

ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். எடுத்ததைச் சாராய ஸ்பிரிட்டில் போட்டு மூடிவிட்டு, கடித்த இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். மாட்டுக்கும் நாய்க்கும் எடுக்கும்போது கையுறை கட்டாயம்.

உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே போடுங்கள், கறவை மாடு என்றால் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். தொழுவச் சுவர் விரிசல்களைப் பூசிவிடுங்கள், உண்ணி அங்கேயும் முட்டையிடும். அப்புறம், நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

செத்த குரங்கைக் கண்டால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டுக்குப் போய்வந்த சில நாளில் திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காட்டுக்குப் போனதையும் உண்ணி கடித்ததையும் நீங்களே முந்திச் சொல்லுங்கள். கிரிமியன்-காங்கோ, குரங்குக் காய்ச்சல் இரண்டுமே ரத்தக் கசிவு வரக்கூடிய காய்ச்சல்கள், ஆகவே ஆஸ்பிரின், புரூஃபன் மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம்.