மாட்டாமல் பாட் ஓட்டலாம் என்று நம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

2005 மார்ச்சில் மைக்கேல் டானலி என்ற அமெரிக்க நிரலாளர், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் தொடக்க நிலைகளைத் தனக்குப் பதிலாக ஆடிக் கடக்கும் ஒரு மென்பொருளை எழுதினார். ஆளுக்குப் பதிலாக ஆடும் இத்தகைய மென்பொருளைத்தான் பாட் என்கிறார்கள். இதற்குக் கிளைடர் என்று பெயர். சொந்த உபயோகத்துக்கு எழுதியது, அந்தக் கோடைக்குள் 15 முதல் 25 டாலர் வரையிலான விலையில் விற்பனைக்கு வந்தது. செப்டம்பரில் அந்த விளையாட்டை நடத்தும் பிலிசார்ட் நிறுவனம் வார்டன் என்ற கண்காணிப்பு மென்பொருளை இறக்கி, கிளைடர் ஓட்டியவர்களில் பெரும்பாலோரின் கணக்குகளை முடக்கியது. டானலி சளைக்கவில்லை. வார்டனின் கண்ணில் படாதபடி கிளைடரை மாற்றியதோடு, மாதம் 5 டாலர் கூடுதலாகக் கட்டுகிறவர்களுக்கு மேலும் பாதுகாப்பு என்று சொல்லி கிளைடர் எலைட் என்ற சந்தாவையும் தொடங்கினார். 2008 செப்டம்பர் வரையில் சுமார் 1,20,000 உரிமங்கள் விற்று, 35 லட்சம் டாலர் வரவு கிடைத்திருந்தது. பிலிசார்டுடன் நடந்த வழக்கில், 2009 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவால் கிளைடர் நிறுத்தப்பட்டது.

அந்த 5 டாலர் சந்தாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பாட், பல செயல்களை ஒரே விசையில் அடக்கும் மேக்ரோ, திரையைத் தானே தட்டிக்கொண்டிருக்கும் ஆட்டோ கிளிக்கர் என்று எந்தப் பெயரில் விற்றாலும், இன்றுவரை விற்பனையாவது அதே சரக்குதான்: "இது மாட்டாது." ஒரு மென்பொருளின் உள்ளே மாட்டாத தன்மை என்று ஒன்று நிரந்தரமாக இருப்பதாகவும், காசு கொடுத்தால் அது கைக்கு வந்துவிடும் என்றும் நினைப்பதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய். நேற்றுவரை பிடிபடவில்லை என்பதைத்தான் விற்பவர் அறிவார். நாளைக்கு அவரிடம் எந்தப் பொறுப்பும் கிடையாது.

இந்த நம்பிக்கையை நாள்தோறும் ஊட்டி வளர்ப்பது விளையாட்டு நிறுவனத்தின் மௌனம். "இரண்டு வாரமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறவர், அந்த மௌனம் ஒரு பொறியாக இருக்கலாம் என்பதை யோசிப்பதில்லை. பாட் ஓடத் தொடங்கிய அன்றே கணக்கை முடக்கினால், எந்த அசைவு காட்டிக்கொடுத்தது என்பதை பாட் எழுதியவர் உடனே கண்டுகொண்டு திருத்திவிடுவார். அதனால் பிடிபட்ட கணக்குகளைக் குறித்து வைத்துக்கொண்டு, சில வாரங்கள் கழித்து ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் முடக்குவது பல நிறுவனங்களின் வழக்கம். வால்வ் என்ற விளையாட்டு நிறுவனத்தின், ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் வேக் அமைப்பு வெகுகாலமாகவே இப்படித் தாமதித்துத் தடை விதிக்கிறது. 2023 பிப்ரவரியில் அந்நிறுவனம் டோட்டா 2 விளையாட்டில் செய்தது இன்னும் நுட்பமானது. முறையாக ஆடுகிறவரின் விளையாட்டு ஒருபோதும் படிக்கத் தேவையில்லாத ஒரு தரவுப் பகுதியை உள்ளே ஒளித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஏமாற்று மென்பொருள் மட்டும்தான் அங்கே போய் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த கணக்குகள் 40,000-க்கும் மேல். அத்தனையும் தடை செய்யப்பட்டன. மாட்டிக்கொண்டவர்களுக்கு அதற்கு முந்தைய நாள்வரை எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

நானும் அப்படி ஒரு முந்தைய நாளை அனுபவித்தவன்தான். விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், ஊர் கட்டி ஆளும் கைபேசி விளையாட்டு ஒன்றுக்காக, திரையில் கீறல் விழுந்த பழைய ஃபோன் ஒன்றில் ஆட்டோ கிளிக்கரைப் போட்டு, இரவு முழுக்கச் சார்ஜரில் செருகி ஜன்னல் திட்டில் வைத்திருப்பேன். ஐந்து வாரம் ஓடியது. ஆறாவது வாரம் ஒரு காலையில், மூன்றாண்டு உழைப்பில் எழுந்த ஊருக்குப் பதிலாக இரண்டு வரி அறிவிப்பு இருந்தது. ஃபோனின் பேட்டரியும் அதற்குள் உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. விளையாட்டுக் கணக்கைவிட அதுதான் அறைக்கே ஆபத்தாக முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

என்ன காட்டிக்கொடுத்தது என்பதைப் பிறகு நானே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கட்டைவிரலால் ஒரு பொத்தானை ஐம்பது முறை தட்டினால், ஐம்பது முறையும் விரல் வெவ்வேறு இடத்தில்தான் படும். வலக்கைக்காரருக்கு அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், களைப்பு ஏற ஏற மெல்ல நகரும், ஓரிரு முறை குறி தப்பும். ஆட்டோ கிளிக்கர் இரண்டு நொடிக்கு ஒரு முறை, அதே புள்ளியில், ஒரு மயிரிழையும் பிசகாமல் தட்டியிருக்கும். "அதற்குத்தான் ரேண்டம் வசதி இருக்கிறதே" என்பார்கள். அடுத்த தவறு அங்கேதான் இருக்கிறது. ஒன்று முதல் மூன்று நொடிக்குள் ஏதாவது ஒரு இடைவெளி என்று அமைத்தால், அந்த எல்லைக்குள் எல்லா இடைவெளிகளும் ஏறக்குறைய சம அளவில் விழும். மூன்றைத் தாண்டி ஒன்றுகூட இருக்காது. மனிதரின் இடைவெளிகள் அப்படிச் சமமாகப் பரவுவதில்லை. பெரும்பாலானவை ஓரிடத்தில் குவிந்திருக்க, ஃபோன் அழைப்பு வந்தபோது நின்ற நான்கு நிமிடம், தூங்கி விழுந்தபோது நின்ற ஏழு மணி நேரம் என்று நீண்ட வால் ஒன்று கூடவே வரும். பத்துத் தட்டலைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஒரு லட்சம் தட்டலை வரைபடமாகப் போட்டால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

விரல் அசைவைச் செப்பனிட்டுவிட்டால் போதும் என்று நினைப்பதும் பயனில்லாத வேலை. ஒருவர் எத்தனை மணி நேரம் இருந்தார், எந்த வேலையை எத்தனை முறை அதே வரிசையில் செய்தார், புதிதாக ஒரு திருவிழா அறிவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்தாரா, யாராவது பேச்சுக் கொடுத்தபோது பதில் சொன்னாரா என்பவை எல்லாம் சர்வரில் தாமாகவே பதிவாகின்றன. இவற்றைத் தெரிந்துகொள்ள நிறுவனம் யாருடைய ஃபோனுக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை.

கணினிக்குள்ளேயே ஒரு கைபேசியைப் போலச் செய்து காட்டும் எமுலேட்டரிலோ தனிக் கணினியிலோ ஓட்டினால் தெரியாது என்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். கண்காணிப்பு ஆடுகிறவரின் கருவியில்தான் நடக்கிறது என்பது அவர்கள் கணக்கு. வார்டன் போன்றவை அங்கேதான் இருந்தன என்பது உண்மை; 2020-இல் வாலரன்ட் விளையாட்டோடு வந்த வேன்கார்ட் என்ற கண்காணிப்பு மென்பொருள், விண்டோஸின் அடித்தளமான கெர்னல் வரைக்கும் இறங்கிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் கருவியில் எதை மறைத்தாலும், விளையாட்டுக்குள் நடந்ததை மறைக்க முடியாது. நடப்பது நிறுவனத்தின் வீட்டில், அதாவது அதன் சர்வரில். போகிமான் கோ விளையாட்டை நடத்திய நயான்டிக் 2017-இல் கணக்குகளை முடக்குவதோடு நிற்காமல், பாட் வழியாகப் பிடிக்கப்பட்ட உயிரினங்களின் மீதே கோடு கிழித்து அடையாளமிட்டது. பிடித்து முடித்து வெகுநாள் ஆன பின்னும், எது கையால் பிடித்தது, எது இயந்திரத்தால் பிடித்தது என்று பின்னோக்கிப் பார்த்துப் பிரிக்க முடிந்திருக்கிறது.

இரண்டாவது கணக்கில் பாட்டை ஓட்டி, சேர்ந்த தங்கத்தை முதற்கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் இதே காரணத்தால்தான் சறுக்குகிறது. பத்துக் கணக்குகளிலிருந்து பொருள் ஒரே பக்கமாகப் போய் ஒரே கணக்கில் சேர்கிறது, பதிலுக்கு எதுவும் திரும்பி வருவதில்லை என்றால், அது கடன் வாங்கியவர் வீட்டு வாசலில் வசூலுக்கு வந்தவர்களின் சைக்கிள்கள் நிற்பதைப் போலத்தான். யாரும் உள்ளே போய்க் கேட்க வேண்டியதில்லை. முடக்கம் வரும்போது, பெற்றுக்கொண்ட கணக்கும் சேர்ந்தே போகும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம், யார் இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்குக் கிளைடர் வழக்கின் ஆவணமே பதில் சொல்கிறது. 2004 டிசம்பரிலிருந்து 2008 மார்ச் வரை பாட்களைப் பற்றி பிலிசார்டுக்கு வந்த புகார்கள் 4,65,000. அவற்றில் பல ஆயிரம் கிளைடரைப் பெயர் சொல்லியே வந்தவை. அந்தப் புகார்களைக் கவனிக்க மட்டும் ஆண்டுக்கு 9,40,000 டாலர் செலவானது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் சக ஆட்டக்காரரைவிடக் கூர்மையான காவலாளி கிடையாது. அவருடைய கோபத்தில் நியாயமும் இருக்கிறது. இரவு பகலாக பாட்கள் வெட்டிக் குவிக்கும் மரமும் தாதுவும் சந்தையில் வந்து விழும்போது, மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் சேர்த்ததற்கு விலையில்லாமல் போகிறது. ரூன்ஸ்கேப் விளையாட்டில் இது முற்றி, 2011 அக்டோபரில் ஜாகெக்ஸ் நிறுவனம் ஒரே நாளில் 15 லட்சம் கணக்குகளைத் தடை செய்யும் அளவுக்குப் போனது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறொன்று. நிறுவனத்திடம் மாட்டக் கூடாது என்ற கவனத்தில், பாட் கொடுத்தவரிடம் மாட்டிக்கொள்கிறோம். ஆண்ட்ராய்டில் மற்ற செயலியின் திரையைப் பார்த்துத் தட்டுவதற்கு அக்சஸிபிலிட்டி அனுமதி வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கைகளை இயக்கச் சிரமப்படுகிறவர்களும் ஃபோனைப் பயன்படுத்துவதற்காக வைக்கப்பட்ட வழி அது; திரையில் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம், பொத்தானை அழுத்தலாம். விளையாட்டின் பொத்தானை அழுத்த முடிகிற செயலியால் வங்கிச் செயலியின் பொத்தானையும் அழுத்தவும், மேலே வந்து விழும் ஓடிபியைப் படிக்கவும் வழி திறந்துவிடுகிறது. இந்த ஆபத்தை அறிந்துதான், ஆண்ட்ராய்டு 13 முதல், செயலிக் கடைக்கு வெளியிலிருந்து ஏபிகே கோப்பாக இறக்கிய செயலிக்கு அந்த அனுமதியைக் கேட்டால், அது கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பு என்று ஃபோன் தடுத்து நிறுத்துகிறது. அந்தத் தடையை எப்படி விலக்குவது என்பதைத்தான் பாட் விற்பவரின் காணொளி முதல் நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கும். கணினியில் இதற்கு இணையானது, "ஆன்டிவைரஸ் தவறாகக் காட்டும், அணைத்துவிட்டு நிறுவுங்கள்" என்ற ஒரு வரி. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கக்கூடும். எப்போது உண்மை என்று கண்டுபிடிக்க வாங்குகிறவரிடம் எந்த வழியும் இல்லை என்பதுதான் சிக்கல். யுபிஐ இருக்கும் ஃபோனில் இதைச் செய்கிறவர் பணயம் வைப்பது விளையாட்டுக் கணக்கை அல்ல. கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் நாங்களே ஆடித் தருகிறோம் என்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சட்டம் பற்றிய தவறு சற்று வேறு வகையானது. பாட் ஓட்டுவது குற்றமா என்று கேட்டு, இல்லை என்ற பதில் கிடைத்ததும் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கிளைடர் வழக்கில் 2010 டிசம்பரில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டியது. பாட் ஓட்டுவது விளையாட்டின் விதிகளை மீறுவதுதான், ஆனால் அந்த மீறல் மட்டுமே பதிப்புரிமை மீறல் ஆகிவிடாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதுவரை டானலியின் பக்கம். ஆனால் வார்டனை ஏய்ப்பதற்கான மென்பொருளை விற்றது, பாதுகாப்புத் தொழில்நுட்பத்தைக் கடப்பதைத் தடுக்கும் சட்டப்பிரிவை மீறியது என்றார்கள். அதாவது, ஆடிக்கொடுத்ததைவிட ஒளிந்துகொள்ள உதவியதே அவரை அதிகம் சிக்கவைத்தது. 2017-இல், பாட் விற்ற ஜெர்மனியின் பாஸ்லேண்ட் நிறுவனத்துக்கு எதிராக கலிஃபோர்னிய நீதிமன்றம் ஏறத்தாழ 85 லட்சம் டாலர் இழப்பீடு விதித்ததும் இதே சட்டத்தின்படிதான். 42,818 மீறல்கள், ஒவ்வொன்றுக்கும் 200 டாலர். இவை விற்றவர்கள் மீதான வழக்குகள். வாங்கி ஓட்டியவருக்கு வழக்கு வருவது அரிது; அவருக்குப் போவது கணக்கும், அதில் போட்ட பணமும். அந்தக் கணக்கு தன் சொத்து அல்ல, பயன்படுத்தக் கொடுத்த உரிமம் மட்டுமே என்பதை அவர் படிக்காமல் ஒப்புக்கொண்ட விதிமுறைகள் ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

தானியங்கி எல்லாமே தடை என்று எண்ணுவதும் தவறுதான். பல கைபேசி விளையாட்டுகள் தாமே 'ஆட்டோ' பொத்தானை வைத்திருக்கின்றன. ஒரு விசையை இன்னொரு விசையாக மாற்றிக்கொள்வதைப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன; ஒரு அழுத்தத்துக்குப் பல செயல்கள் நடக்கும்போதுதான் எல்லை தாண்டப்படுகிறது. அந்த எல்லையும் நகரும். ஒரே விசையழுத்தத்தைப் பல கணக்குகளுக்கு அனுப்பும் மென்பொருளைப் பல்லாண்டுகள் பொறுத்துக்கொண்ட பிலிசார்ட், 2020 நவம்பரில் அதைத் தடை செய்தது. சென்ற ஆண்டு விதியைப் படித்ததை வைத்து இந்த ஆண்டு ஆடக் கூடாது.

தடை விழுந்த பிறகும் தவறுகள் தொடர்கின்றன. "தம்பி தெரியாமல் செய்துவிட்டான்" என்று முறையீட்டில் எழுதுவது அவற்றில் மிகப் பழையது. கணக்கைப் பிறரிடம் கொடுப்பதே பெரும்பாலும் விதிமீறல் என்பதால், அது ஒரு குற்றத்தை மறைக்க இன்னொன்றை ஒப்புக்கொள்வதாக முடிகிறது. பணம் கொடுத்தால் தடையை நீக்கித் தருகிறோம் என்று குறுஞ்செய்தி அனுப்புகிறவர்கள், பெரும்பாலும் பாட் விற்ற அதே கூட்டத்துக்குள் இருந்துதான் வருகிறார்கள்.

பாட் எழுதுவதில் ருசி கண்டவர்கள் வேறு. அவர்களுக்குத் தங்கமும் வேண்டாம், நிலையும் வேண்டாம், இயந்திரம் தானே ஆடுவதைப் பார்த்தால் போதும். அவர்கள் செய்யும் தவறு, ஒளிந்து ஆட வேண்டிய இடத்தையே தேடிப் போவது. 2001-இல் ஐபிஎம் வெளியிட்ட ரோபோகோட் முதல், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல்மொழியில் எழுதினால்தான் ஆடவே முடியும் என்கிற ஸ்க்ரீப்ஸ் வரை, பாட் எழுதுவதே ஆட்டமாக அமைந்த களங்கள் இருக்கின்றன. பாஸ்லேண்ட் தீர்ப்பு வந்த அதே 2017-இல், பிலிசார்ட், செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டோடு சேர்ந்து, ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டை நிரல்களே ஆடுவதற்கான இடைமுகத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2019-இல் டீப்மைண்டின் ஆல்ஃபாஸ்டார் என்ற நிரல், ஸ்டார்கிராஃப்ட் 2-இன் ஐரோப்பியத் தரவரிசைப் போட்டிகளில் தன் பெயரை மறைத்துக்கொண்டுதான் ஆடியது. எதிரே உட்கார்ந்தவர்கள், தாங்கள் அதனோடு மோத நேரலாம் என்பதற்கு முன்கூட்டியே சம்மதம் தெரிவித்திருந்தார்கள்.