பழைய ஏர்-கூல்டு கார் வாங்கியவர்கள் செய்யக்கூடாதவை

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைத் தேடிப் பிடித்து வாங்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2003-இல் மெக்சிகோவின் புவெப்லா ஆலையோடு உற்பத்தி நின்றுபோன கார் அது. ஆனால் இன்ஜின் இருக்கும் பின்மூடியைத் திறந்து காட்டும்போது மனம் பதறுகிறது. எங்கள் தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்ட அதே தவறுகள் மறுபடியும். டயரில் காற்று, ஆயில் அளவு எல்லாம் எந்தக் காருக்கும் உள்ளதுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளைக் கழற்றுவது

"காற்றில் குளிர்கிற இன்ஜின்தானே, திறந்து விட்டால் இன்னும் நன்றாகக் குளிருமே" என்பார்கள். கேட்டாலே எரிச்சல் வரும். இது பைக் இன்ஜின் போல எதிர்க்காற்றில் குளிர்வதில்லை. பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள துளைகள் வழியாக வரும் காற்றை ஃபேன் உறிஞ்சி, சிலிண்டர்களின் மேலுள்ள மெல்லிய உலோகத் துடுப்புகளுக்கு நடுவே அழுத்தி அனுப்புகிறது. சூடேறிய காற்று காருக்கு அடியில் வெளியேறும். சுற்றிலும் உள்ள தகடுகளும் ஓரத்து ரப்பரும்தான் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றையும் கீழே இருக்கும் சூட்டையும் பிரித்து வைக்கின்றன. ஒரு தகடு போனாலும், ரப்பர் கிழிந்தாலும், கீழே தள்ளிய சூட்டையே ஃபேன் திரும்ப இழுக்கும்.

பழைய கார்க்காரர்களின் ஒரு சந்திப்புக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்த வண்டியோடு ஒருவர் வந்தார். "தம்பி, சுற்றுத் தகடெல்லாம் எங்கே?" என்றேன். "பார்க்க அசிங்கமாக இருந்தது அண்ணா, எடுத்துப் போட்டுவிட்டேன்" என்றார். எங்களில் இரண்டு பேர் தரையில் படுத்துப் பார்த்தோம். சிலிண்டர்களுக்கு அடியில் காற்றைத் திருப்பிவிடும் சின்னத் தகடுகளும் இல்லை. எவ்வளவோ சொன்னோம். அப்புறம் வந்த கோடையில் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு தலை முறிந்து விழுந்தது. பிஸ்டன், ஹெட் இரண்டும் போயின. செலவு, அவர் கார் வாங்கிய விலையை நெருங்கியது.

மூன்றாவது சிலிண்டர் என்பது தற்செயல் இல்லை. 1971 மாடலுக்கு முந்தைய இன்ஜின்களில், ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே, அந்த சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்தபடி நிற்கும். ஏற்கெனவே சூட்டில் தவிக்கிற சிலிண்டர் அது. தகடுகளையும் எடுத்துவிட்டால் எப்படித் தாங்கும்?

குரோம் பூசிய மாற்றுத் தகடுகள் பல சரியாகப் பொருந்துவதில்லை, இடுக்கு விழுகிறது. துருப்பிடித்திருந்தாலும் பழைய தகடே மேல். தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டுங்கள்.

ஃபேன் பெல்ட் அறுந்த பிறகும் ஓட்டுவது

சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தால் உடனே நிறுத்துங்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைச் சுற்றும் பெல்ட்டில்தான் ஃபேனும் சுற்றுகிறது.

டேப்பட் சத்தம் அடங்கியதைக் கண்டு மகிழ்வது

லேசாகச் சத்தம் இருப்பதே நல்லது. வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி மூடிப்போனால் சத்தம் குறையும், வால்வு முழுசாக உட்காராது. உட்காராத வால்வு சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் கருகும். அந்த இடைவெளி பெரும்பாலான இன்ஜின்களுக்கு 0.15 மி.மீ. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் அளந்து பாருங்கள்.

பழைய பெட்ரோல் ஓஸ்

இன்றே மாற்றுங்கள்.

பின்சீட்டுக்கு அடியில் பேட்டரியை மூடாமல் விடுவது

கனமான ஆள் உட்கார்ந்தால் சீட்டின் ஸ்பிரிங் பேட்டரி முனைகளில் இடித்துத் தீப்பொறி பறக்கும், பஞ்சு பற்றிக்கொள்ளும். பேட்டரிக்கு மேல் மூடி இருக்கிறதா என்று சீட்டைத் தூக்கிப் பாருங்கள்.